முப்பத்தேழாம் நம்பர் கால்

பென்னலூர் ராஜம்மாவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். உழைப்பாளி. ஒருத்தர் வீட்டு வம்பு பேச மாட்டாள். துக்க வீடு என்றால் கூப்பிடாமலே முதல் ஆளாகப் போய் நிற்பாள். இத்தனை நல்ல மனுஷியிடம் போய் "உன் ஓரகத்தி சௌக்கியமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். முகம் சுண்டிப் போய்விடும். "அவளுக்கு இன்னா, மவராசி" என்பாள். அந்த 'மவராசி'யில் அரைப்படி மிளகாய்த்தூள் இருக்கும்.

ஓரகத்தி பெயர் இசைவாணி. ராஜம்மாவின் கணவன் தசரதனுடைய தம்பி முனிரத்தினத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஒரே வாசல், இரண்டு அடுப்பு. அவள் வந்து ஐந்து வருஷம் ஆகிறது. இந்த ஐந்து வருஷத்தில் ராஜம்மா அவளோடு ஒரு சண்டை போட்டது கிடையாது. போட முடிந்தால்தானே? எதற்கெடுத்தாலும் "அக்கா, அக்கா". குழம்பு வைத்தால் முதல் கிண்ணம் அக்காவுக்கு. பூ வாங்கினால் பாதி அக்காவுக்கு. சண்டை பிடிக்க ஒரு துரும்புகூடக் கொடுக்காத ஓரகத்தியை வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படித்தான் காலம் தள்ளுவது? அவள் பத்தாவது பாஸ். ராஜம்மா ஐந்தாவதோடு சரி. அவள் போட்ட கோலத்தைத் தெரு நின்று பார்த்துவிட்டுப் போகும். ராஜம்மா போட்டதை மிதித்துவிட்டுப் போகும். அவள் கோழிகூட நாள் தவறாமல் கூடையில் முட்டை வைத்தது. ராஜம்மாவின் கோழி பக்கத்து வீட்டு வைக்கோல் போரில் போய் வைத்தது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஆனால் ஒரே ஒரு இடத்தில் ராஜம்மாதான் ராணி. அது கம்பெனி.

தொண்ணூற்றொன்றில் இந்தப் பக்கம் இன்றைக்கு இருக்கிற மாதிரி அடிக்கொரு தொழிற்சாலை கிடையாது. பெங்களூர் ரோட்டில் இருந்து உள்ளே தள்ளி, தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை. அதில் நாற்பத்திரண்டு பெண்கள். தைப்பது பாலே ஷூ. வெள்ளைக்காரப் பெண்கள் குதிகால் தரையில் படாமல் ஆடுகிறார்களே, அந்த ஆட்டத்துக்குப் பழகும்போது போட்டுக்கொள்கிற மெல்லிய ஷூ. மேலே ரோஜா நிற சாட்டின் துணி, அடியில் ஒரு துண்டுத் தோல். உட்புறம் வெளியே இருக்கும்படி தைத்துவிட்டு, கடைசியில் சட்டையைத் திருப்புவது போல் திருப்பி எடுக்க வேண்டும். அதில் உயிரான வேலை, விரல் பக்கம் துணியைச் சின்னச் சின்ன மடிப்பாக இழுத்துத் தோலோடு சேர்ப்பது. மொத்தம் இருபத்துமூன்று மடிப்பு. ஒன்று தடித்தாலும் போடுகிறவளின் விரலில் உறுத்தும்.

மடிப்புக்கு ராஜம்மாவை அடிக்க ஆள் இல்லை. சூப்பர்வைசர் வரதராஜுலு, புதிதாக வருகிற பெண்களுக்கு அவள் தைத்ததைத்தான் எடுத்துக் காட்டுவார். "பாரும்மா, எறும்பு வரிசை மாரி கீதா இல்லியா?" என்பார். பக்கத்து இடத்தில் உட்கார்ந்திருந்த மீனம்மாளின் மடிப்பு எருமை மந்தை மாதிரி போகும். அதையும் அவரே சத்தமாகச் சொல்வார். மீனம்மாள் வெற்றிலைப் பல் தெரியச் சிரிப்பாள். அவளுக்கு ரோஷமும் கிடையாது, பொறாமையும் கிடையாது, கொடுத்து வைத்தவள்.

இசைவாணியும் அங்கேதான் வேலை பார்த்தாள். தைத்து முடித்த ஷூவில் தொங்குகிற நூலை வெட்டிப் பெட்டியில் அடுக்குகிற வேலை. சேர்த்துவிட்டதே ராஜம்மாதான். ஓரகத்தியைத் தனக்குக் கீழே ஒரு படியில் உட்கார வைத்துப் பார்க்கத்தான் சேர்த்துவிட்டாள் என்று மீனம்மாள் சொல்வதுண்டு. இருக்கலாம்.

அந்த வருஷம் ஜூனில் வரவேண்டிய ஜெர்மன்காரம்மா, அதாவது கம்பெனியின் சரக்கு மொத்தத்தையும் வாங்குகிறவள், வரவில்லை. மே மாசம் பக்கத்து ஊரில் குண்டு வெடித்த பிறகு, ஸ்ரீபெரும்புதூர் என்ற பேரைச் சொன்னாலே வெளிநாட்டுக்காரர்கள் பயணத்தைத் தள்ளிப் போட்டார்கள். அவள் கடுதாசியில் ஒன்று கேட்டிருந்தாள். தைக்கிற ஷூவை அங்கேயே ஒருத்தி காலில் போட்டு, ஆட்டத்தின் அசைவுகளைச் செய்து பார்த்து, எங்கே பிடிக்கிறது, எங்கே உறுத்துகிறது என்று எழுதி அனுப்ப வேண்டும். ஆக, கம்பெனிக்கு ஒரு கால் வேண்டும். முப்பத்தேழாம் நம்பர் கால். அந்தக் காலுக்குச் சொந்தக்காரிக்குத் தையல் கிடையாது, இத்தனை ஜோடி என்ற கணக்கு கிடையாது. வேலை பெர்மனென்ட். எல்லாவற்றையும்விட, நாற்பத்திரண்டு பேரும் பார்க்க மரப்பலகை போட்ட மேடையில் ஏறி நிற்கலாம்.

அசைவு சொல்லிக்கொடுக்கப் புதுச்சேரியில் இருந்து செலின் என்ற அம்மா வந்தாள். சைகோனில் பிறந்து, அங்கே பிரெஞ்சுக்காரர்களிடம் பாலே படித்தவள். ஐம்பத்தைந்து வயதிலும் முதுகு விறைப்பாக நிற்கும். அவள் நாற்பத்திரண்டு பெண்களையும் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருத்தியாக அளவுத் தகட்டில் காலை வைக்கச் சொன்னாள். நாற்பது பேர் தள்ளுபடி. மிஞ்சினது இரண்டு பேர். வேறு யார்? ராஜம்மாவும் இசைவாணியும்தான்.

"மெட்டியக் கழட்டிட்டு ஷூவப் போடுங்க" என்றாள் செலின்.

ராஜம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னா மேடம் சொல்றீங்க? புருஷன் கல்லாட்டம் கீறாரு. மெட்டியக் கழட்டறதா?"

"மெட்டியோட போட்டா துணி கிழியும்மா."

"கிழிஞ்சா கிழியட்டும். நான் கழட்ட மாட்டேன்."

சொல்லிவிட்டு இசைவாணியைப் பார்த்தாள். அவளும் இதையேதான் சொல்வாள், இந்தப் பீடை வேலை இரண்டு பேருக்குமே வேண்டாம் என்று நடையைக் கட்டிவிடலாம் என்று நினைத்தாள். அதற்குள் இசைவாணி குனிந்து, இரண்டு கால் மெட்டியையும் நெம்பிக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். "ஷூ போடற நேரத்துக்கு மட்டும்தானே மேடம்? வூட்டுக்குப் போறப்போ போட்டுக்குவேன்" என்றாள். அத்தோடு காரியம் முடிந்தது.

அன்றைக்கு ராஜம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. "உங்க தம்பி பொண்டாட்டி மெட்டியக் கழட்டி முடிஞ்சிக்கினு நிக்கிறா. உங்க தம்பிக்கு எதுனா ஒண்ணு ஆச்சுன்னா?" என்று தசரதனிடம் கொட்டினாள். அவன் லாரி ஓட்டுகிறவன். நாலு ஊர் பார்த்தவன். "அவனுக்கு இன்னா ஆவப்போவுது? சைக்கிள் கடையில பஞ்சர் ஒட்டிக்கினு கீறான்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டான். ஆம்பிளைகளிடம் சொல்லி என்ன பிரயோஜனம்?

செவ்வாயும் வெள்ளியும் பாடம் நடந்தது. செலின் சொன்னதெல்லாம் பிரெஞ்சு வார்த்தை. சுவரோடு இடுப்பு உயரத்தில் ஓர் இரும்புக் குழாய் அடித்திருந்தார்கள். அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குதிகால் இரண்டும் ஒட்டி, பாதம் இரண்டும் இரண்டு பக்கம் பார்த்து நின்றால் அது முதல் நிலை. குதிகாலை எடுக்காமல் முழங்காலை மடக்கினால் 'ப்ளியே'. பக்கத்துத் துணி தாங்குமா என்று அதில் தெரிந்துவிடும். காலைத் தரையோடு தேய்த்துக்கொண்டே முன்னால் நீட்டி விரல் நுனியில் நிறுத்தினால் 'தாந்த்யு'. அதில் அடித்தோலின் வளைவு தெரியும். நீட்டின காலால் தரையில் அரைவட்டம் போட்டால் 'ரோன் து ஜாம்ப்'. குதித்தால் 'சோத்தே'. குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் எழும்பி, எட்டு எண்ணும் வரை அசையாமல் நின்றால் 'ரெலவே'. அதுதான் பெரிய பரீட்சை. உடம்புப் பாரம் முழுக்க அந்த இருபத்துமூன்று மடிப்பின் மேல் வந்து உட்காருகிற இடம் அது. வரதராஜுலு அதை ரிப்போர்ட்டில் 'ரயில்வே' என்றே எழுதினார். "ரயிலே இல்லாத ஊரு மேடம். இப்படியாவது வரட்டுமே" என்று பல்லைக் காட்டினார்.

ராஜம்மாவின் இடத்துக்கும் மேடைக்கும் நடுவில் ஒரு கம்பி வலைதான் மறைப்பு. தலையைத் தூக்கினால் இசைவாணி. குனிந்தால் இசைவாணி போடப்போகிற ஷூ. நேற்று வரைக்கும் நூல் பொறுக்கினவள், இன்றைக்குக் கறுப்பு பேன்ட் போட்டுக்கொண்டு மேடையில் நின்று, "விரல் பக்கம் சரியா கீது மேடம், குதிகால் கொஞ்சம் தளர்ச்சி" என்று ராஜம்மா தைத்ததைப் பற்றியே அபிப்பிராயம் சொல்கிறாள்! செலின் அதைத் தலையாட்டி எழுதிக்கொள்கிறாள்! அட கடவுளே, இதைப் பார்க்கவா கண்ணைக் கொடுத்தாய் என்று இருந்தது அவளுக்கு. மற்ற பெண்கள் போதாக்குறைக்கு இசைவாணியை "டிரையல் மேடம்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். விளையாட்டுக்குத்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் ராஜம்மாவுக்கு ஊசி தன் விரலில் ஏறினது போல் இருந்தது.

கேளுங்கள், இதில் ஒரு கூத்து. மேலே பார்த்துக் கறுவிக்கொண்டிருந்தபோதே, மேஜைக்கு அடியில் ராஜம்மாவின் கால் இரண்டும் தன்பாட்டுக்குப் பாடம் படித்துக்கொண்டிருந்தன. செலின் "தாந்த்யு" என்றால் இங்கே கால் நீளும். "ப்ளியே" என்றால் முழங்கால் விரியும். ஒரு மாசத்தில் அத்தனை வார்த்தையும் மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, மாட்டுக் கொட்டகையில் போய் மாடு கட்டுகிற கம்பைப் பிடித்துக்கொண்டு ரெலவே நின்று பார்த்தாள். எட்டு எண்ணினாள், ஆடவில்லை. இருபது, ஆடவில்லை. முப்பதுவரை போனாள். தலையில் ஒரு குடம் இடுப்பில் ஒரு குடமாக ஏரிக்கரையில் நடந்து பழகின கால் அது, ஆடுமா? இசைவாணிக்கு ஆறு எண்ணினாலே கணுக்கால் வெடவெடக்கும். அதை ராஜம்மா கம்பி வலை வழியாக எத்தனை தடவை எண்ணியிருக்கிறாள்!

"இன்னாமே, மாட்டுக்கு டிரில் சொல்லிக் குடுக்கிறியா?" என்று கேட்டுக்கொண்டே தசரதன் வந்து நின்றான்.

"கால் மரத்துப் போச்சு. உதர்றேன்" என்றாள்.

மறுநாள் காலையில் நேராக வரதராஜுலுவிடம் போனாள். வெட்கத்தை விட்டுத்தான் போனாள். "சார், நானும் மெட்டியக் கழட்டிடறேன் சார். ஒரு தபா என்ன மேடையில ஏத்திப் பாருங்க. அவளவிட நான் நல்லா நிப்பேன்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அன்னிக்கி புருஷன் கல்லாட்டம் கீறாருன்னே. இன்னிக்கி இன்னா, கரைஞ்சிட்டாரா?" அப்புறம் கொஞ்சம் இரக்கத்தோடு, "போ ராஜம்மா. கால் எவகிட்ட வேணா கீது. கை உன்கிட்டதான் கீது. உன்ன மேல ஏத்திட்டு மடிப்பு வெக்க மீனம்மாவையா உக்கார வெப்பேன்?" என்றார்.

பாராட்டுதான். ஆனால் ராஜம்மாவுக்கு அது செருப்படி மாதிரி விழுந்தது. கெட்டிக்காரியாக இருந்ததால் கீழே உட்கார வேண்டும். ஒன்றும் தெரியாதவள் மேலே நிற்க வேண்டும். இது எந்த ஊர் நியாயம்?

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் ஜெர்மன்காரம்மா வந்தாள். அவள் முன்னால் போட்டுக் காட்ட வேண்டிய ஜோடியைத் தைத்தவள் ராஜம்மா. அது எல்லாருக்கும் தெரியும். வாங்குகிறவள் எதிரே தையலில் குறை வந்தால், தைத்தவளுக்கு அன்றோடு வேலை போச்சு. அதுவும் எல்லாருக்கும் தெரியும். அவள் வருவதற்கு முதல் நாள் மத்தியானம், சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் எழுந்து போன பிறகு, ராஜம்மா மெழுகு நூலை மூன்று சுற்றுச் சுற்றி மிளகு அளவுக்கு ஒரு முடிச்சுப் போட்டாள். பசையைத் தொட்டு இடது ஷூவுக்குள், பெருவிரலுக்கு அடியில் மடிப்போடு மடிப்பாக ஒட்டி வைத்தாள்.

'ரெலவே நிக்கட்டும். ஐயோன்னு கத்திக்கினு கீழ எறங்கட்டும். வெள்ளக்காரி முன்னாடி மானம் போவட்டும்.' அவ்வளவுதான் அவள் நினைத்தது. குறை தன் தையல் மேல் வரும் என்று தோன்றவே இல்லையா என்று கேட்பீர்கள். தோன்றவில்லை. ராஜம்மா தைத்ததில் குறை என்று உலகத்தில் யாராவது சொல்வார்களா? கால் சரியில்லை என்றுதானே சொல்வார்கள்? பொறாமை வந்தால் புத்தி மட்டு என்பது சும்மா இல்லை.

மறுநாள் காலையில் ஜெர்மன்காரம்மா மேடைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். இசைவாணி தன் கால் அளவுக்கு எலாஸ்டிக் பட்டையைத் தானே தைத்துக்கொண்டு ஷூவைப் போட்டாள். செலின் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ராஜம்மா கம்பி வலையில் மூக்குப் பதிய நின்று பார்த்தாள்.

ப்ளியேயில் ஒன்றும் இல்லை. தாந்த்யுவில் இடது காலை நீட்டினபோது இசைவாணியின் புருவம் நெரிந்தது. ராஜம்மாவுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. 'ரெலவே' என்றாள் செலின். இசைவாணி எழும்பினாள். ஒன்று, இரண்டு, மூன்று. முகம் வெளுத்தது. இப்போது கத்துவாள், இதோ கத்துவாள். நாலு, ஐந்து, ஆறு. அன்றைக்குப் பார்த்துக் கணுக்கால் ஆடவில்லை. ஏழு, எட்டு. இறங்கினாள்.

"எங்கயாவது குத்துதா வாணி?" என்று செலின் கேட்டாள்.

"இல்ல மேடம்."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"இல்ல மேடம். நல்லா கீது."

அப்புறம் சோத்தே. எட்டுக் குதி. ஒவ்வொரு குதியும் அந்த முடிச்சின் மேல்தான் வந்து விழுந்தது. மூன்றாவது தடவையும் செலின் கேட்டாள். மூன்றாவது தடவையும் இல்லை என்றுதான் சொன்னாள். அவள் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினபோது ரோஜா நிறத் துணியில் பெருவிரல் பக்கம் ரத்தம் ஊறியிருந்தது. ஜெர்மன்காரம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். செலின் ஷூவை வாங்கி உதறினாள். முடிச்சு பலகையில் விழுந்து உருண்டது.

கொட்டகையில் ஒரு மெஷின்கூட ஓடவில்லை. வரதராஜுலு திரும்பிக் கம்பி வலையைப் பார்த்தார். குறை தன் தையல் மேல்தான் வரும் என்று ராஜம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

"என் தப்புதான் மேடம்" என்றாள் இசைவாணி. "எலாஸ்டிக் நான்தான் தெச்சேன். அந்த நூலு முடிச்சு உள்ள வுழுந்திருக்கும். நான் பாக்கல."

செலின் குனிந்து முடிச்சை எடுத்தாள். "முடிச்சு விழறது யாருக்கும் நடக்கும்மா. குத்துதான்னு மூணு தடவ கேட்டேன். இல்லன்னு சொன்னே பாரு, அதுதான் தப்பு. வலியச் சொல்லாத கால் எனக்கு எதுக்கு?"

ஜெர்மன்காரம்மா பெங்களூர் போய்விட்டுப் பத்து நாளில் திரும்பி வருவதாகவும், அதற்குள் வேறு கால் பார்த்து வைக்கும்படியும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். வேறு கால் என்றால் வேறு யார்? அன்று மத்தியானமே வரதராஜுலு ராஜம்மாவைக் கூப்பிட்டார். "மடிப்பு தலையெழுத்துப்படி ஆவட்டும். மேல ஏறு" என்றார். பதினாறு வருஷத்து மெட்டி வர மறுத்தது. குழாயடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு இழுத்துக் கழற்றினாள். புருஷன் கல்லாட்டம் இருக்கிற நினைப்பெல்லாம் அப்போது வரவில்லை.

மேடையில் ஏறினாள். சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் முதல் நிலையில் நின்றாள். செலின் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றையும் செய்தாள். ரெலவேயில் செலின் எட்டோடு நிறுத்தாமல் எண்ணிக்கொண்டே போனாள். இருபதில் அவளே களைத்து நிறுத்தினாள். "யாரும்மா உனக்குச் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டாள். கீழே மீனம்மாள் கை தட்டினாள். ராஜம்மா அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வந்தாள் என்று சொல்லக்கூடாது. மிதந்து வந்தாள்.

வாசலில் இசைவாணி காலில் துணி சுற்றிக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள், ஆசை தீரப் பார்க்கலாம் என்று வந்தவளுக்கு, "உங்களுக்கே குடுத்துட்டாங்களாமே அக்கா! எனக்கு ரொம்ப சந்தோசம்" என்ற பேச்சு காதில் விழுந்தது.

ராஜம்மாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஏன்டி, குத்துதுன்னு ஏன் சொல்லல நீ?"

இசைவாணி கீரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "தாந்த்யு போடறப்பவே தெரிஞ்சுபோச்சுக்கா, உள்ள முடிச்சு கீதுன்னு. நீங்க தெச்ச ஜோடி. அந்தம்மா முன்னாடி எப்படிச் சொல்வேன்? இன்னிக்கே உங்கள நிறுத்திடுவாங்களே. உங்க கையி ஒருநாளும் தப்பு பண்ணாது. அன்னிக்கி உடம்பு கிடம்பு சரியில்லியோ இன்னாவோ, கைதவறி வுட்டுட்டீங்கன்னு நெனச்சேன். எனக்கு இன்னா, நூல் வெட்டற வேல கீது. உங்களுக்கு அந்த மடிப்புதானேக்கா எல்லாம்?"

கைதவறி! ராஜம்மா உள்ளே போய் அடுப்பு முன்னால் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது என்று சொன்னால் அது பொய். வந்தது ஆத்திரம். கோலத்தில் ஜெயித்தாள், படிப்பில் ஜெயித்தாள், இப்போது கொஞ்சம்கூடக் கூசாமல் இதிலும் ஜெயித்துவிட்டாள்! மேடையும் கிடைத்தது, பெர்மனென்ட்டும் கிடைத்தது. ஆனால் அது எல்லாம் இவள் பெருவிரல் ரத்தத்தில் போட்ட பிச்சை. நாளைக்கு மேடையில் நின்றாலும் கீழே இருக்கிறவள்தான் உசத்தி. சாகிற வரைக்கும் இது தெரிந்தது தனக்கு மட்டும்தான். அதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

மறுநாள் வேலை தொடங்குகிறதுக்கு முன்னாலேயே ஆபீஸ் ரூமில் போய் நின்றாள். வரதராஜுலுவும் செலினும் இருந்தார்கள். "அந்த முடிச்சு எலாஸ்டிக் முடிச்சு இல்ல சார். நான்தான் வெச்சேன். கைதவறி இல்ல. வேணும்னு வெச்சேன். அவளுக்குத் தெரியாது" என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

வரதராஜுலு வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். ஒன்றையும் இங்கே எழுத முடியாது. வேலையை விட்டே துரத்தியிருப்பார். மடிப்புக்கு வேறு கை இல்லாத ஒரே காரணத்தால் ஒரு மாசம் கம்பெனிப் பக்கம் தலை வைத்துப் படுக்கக்கூடாது என்றதோடு நிறுத்திக்கொண்டார். செலின் திட்டவில்லை. "நல்ல கால் உனக்கு" என்று மட்டும் சொன்னாள். பிறகு இசைவாணியைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, இனிமேல் யாருக்காகவும் வலியை மறைப்பதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, ஜெர்மன்காரம்மாவிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லி, மேடையை அவளுக்கே திருப்பிக் கொடுத்தாள்.

சாயங்காலம் இசைவாணி வீட்டுக்கு வந்ததும் ராஜம்மா எதிரே போய் நின்றாள். இன்றைக்காவது சண்டை வரும். வரட்டும். வண்டி வண்டியாகத் திட்டட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும். இரண்டு பேரும் சரிக்குச் சரி ஆகிவிடலாம் என்று காத்திருந்தாள்.

"வேணும்னா வெச்சீங்க?" என்றாள் இசைவாணி.

"ஆமா."

"ஏன்க்கா வந்து சொன்னீங்க?"

"பின்ன? நல்லவ பேரெல்லாம் நீ ஒருத்தியே வாரிக்கினு போவே, நான் பாத்துக்கினு இருக்கணுமா?"

இசைவாணி திட்டவில்லை. உள்ளே போய்விட்டாள். தீபாவளிக்கு முதல் தட்டுப் பலகாரம் எப்போதும் போல் அக்காவுக்குத்தான் வந்தது. பூவும் பாதி வந்தது. "அக்கா" என்ற வார்த்தையும் நிற்கவில்லை. சரி, ஒன்றும் ஆகவில்லை என்று ராஜம்மா நினைத்துக்கொண்டாள்.

ஒரு மாசம் கழித்துத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். கை மறக்கவில்லை; முதல் நாளே பத்து ஜோடி. வெள்ளிக்கிழமை டிரையல். மேடையில் இசைவாணி முன்னால் மூன்று ஜோடி வைத்திருந்தார்கள். முதல் ஜோடி மீனம்மாள் தைத்தது. எருமை மந்தை மடிப்பு தூரத்தில் இருந்தே தெரிந்தது. அதை எடுத்து, செலினோடு எதையோ பேசிச் சிரித்துக்கொண்டே காலில் மாட்டிக்கொண்டாள். இரண்டாவது இன்னொருத்தி தைத்தது. அதையும் அப்படியே மாட்டினாள். மூன்றாவது ராஜம்மா தைத்தது. அதை எடுத்தவள் பேச்சை நிறுத்தினாள். வலது ஷூவுக்குள் இரண்டு விரலை விட்டு, மடிப்பு மடிப்பாகத் தடவிப் பார்த்தாள். பிறகு இடது ஷூவுக்குள் விட்டு அதே மாதிரி தடவினாள். அப்புறம்தான் போட்டுக்கொண்டாள்.

அடுத்த செவ்வாயும் அப்படித்தான். அதற்கடுத்த வெள்ளியும் அப்படித்தான். தடவிப் பார்ப்பது அவளுக்கே தெரிந்ததா என்பதுகூடச் சந்தேகம்.

"இன்னா ராஜம்மா, அங்கயே பாத்துக்கினு கீறே? கைய ஓட்டு" என்றாள் பக்கத்தில் மீனம்மாள். அவள் மடியில் கோணல்மாணலாக ஒரு ஷூ கிடந்தது. அடுத்த டிரையலில் அதை இசைவாணி உள்ளே கையை விட்டுப் பார்க்காமலே போட்டுக்கொள்வாள்.

ராஜம்மா அந்த ஷூவையே பார்த்தாள். அவளுக்கு மீனம்மாள் மேல் அப்படி ஒரு பொறாமையாக இருந்தது.